பெரிய ஜீப்புகள் வாங்குவதை அரசாங்கம் மட்டுப்படுத்த வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 2

இறக்குமதித் தடை நீங்கிய பிறகு கொழும்பு வீதிகளில் பெரிய ஜீப்புகள் மறுபடியும் பெருகத் தொடங்கியிருக்கின்றன. இவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் ஒருவர் தன் பணத்தில், கோடிக்கணக்கான ரூபா தீர்வையும் கட்டி வாங்குகிற வாகனத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? அவர் கட்டும் வரியிலும்தானே இந்த நாடு ஓடுகிறது?

ஜூன் 2, இரவு

வாங்குவதைத் தடை செய்யக் கூடாது. ஆனால் மட்டுப்படுத்த வேண்டும். இப்போது செய்வதுபோலத் துறைமுகத்தில் ஒரேதடவை அறவிடும் தீர்வையால் அல்லாமல், ஆண்டுதோறும் கட்டும் கட்டணத்தால் மட்டுப்படுத்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி எடுத்துக் கொடுக்கும் அலுவலகமொன்றில் நான் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். வாகனமொன்றின் கஸ்டெக் (சுங்கப் பிரகடனப் படிவம்) என் மேசைக்கு வரும்போது அதில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருப்பதைப் பார்க்கிறேன். 20 சதவீதச் சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையின் மேல் 50 சதவீத மேலதிக வரி, இயந்திரத்தின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தித் தீர்வை, பெறுமதி ஓர் எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி, இவற்றோடு 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. உற்பத்தித் தீர்வையில் கொள்ளளவு கூடக்கூட ஒரு சிசிக்கான வீதமும் ஏறுவதால் பெரிய இயந்திரத்துக்கு இரட்டிப்பு அடி விழுகிறது. பெற்றோல் வாகனமென்றால் 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பெறுமதிக்கு 100 சதவீதம் சொகுசு வரி, டீசலென்றால் 120 சதவீதம். ஆகவே கேள்வி கேட்டவர் சொல்வது பொய்யல்ல. பெரிய வாகனம் வாங்குகிறவர் நிறையவே கட்டுகிறார்.

ஆனால் அந்தக் கணக்கு துறைமுக வாசலோடு முடிந்துவிடுகிறது. வாசலைத் தாண்டிய வாகனம் அடுத்த இருபது, முப்பது வருடங்களுக்கு எவ்வளவு எரிபொருளைக் குடிக்கிறது, எவ்வளவு வீதியை அடைத்துக்கொள்கிறது என்பது பற்றி எவரும் கேட்பதில்லை.

ஜூன் 3

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றைச் சேர்க்க வேண்டும். "தன் பணம்" என்று கேள்வியில் இருக்கிறதே, அதைப் பற்றி.

தீர்வை ரூபாவில் வருகிறது. எரிபொருளுக்கு நாடு கொடுப்பது டொலர். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969 முதல் இயங்கினாலும் அதற்குள் போகும் மசகு எண்ணெயில் ஒரு துளிகூட இந்த மண்ணில் எடுக்கப்பட்டதல்ல. ஒருவர் எத்தனை கோடி ரூபா வைத்திருந்தாலும் அந்த ரூபாவைக் கொண்டு அவரால் ஒரு கப்பல் டீசலைக் கொண்டுவர முடியாது. 2022 இல் இதை எல்லோரும் கண்டோம். ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை வந்தது. பணம் கையிலிருந்தவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். சிலர் அந்த வரிசைகளிலேயே உயிரையும் விட்டார்கள்.

ஆகவே வாகனம் அவருடையதாக இருக்கலாம். அது எரிக்கும் டொலர், மருந்துக்கும் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் போக வேண்டிய அதே டொலர்தான். அந்த இடத்தில் அரசாங்கத்துக்கு வேலை இருக்கிறது.

ஜூன் 5

கொட்டாஞ்சேனை அன்பர் ஒருவர், பெரிய வாகனங்களை மட்டுப்படுத்தும் திட்டம் எதுவும் இந்த நாட்டில் வெற்றி பெற்றதில்லை என்று எழுதியிருக்கிறார். ஒரு தடவை வெற்றி பெற்றது. அப்படி நோக்கம் வைத்துச் செய்யப்படாத ஒரு திட்டத்தினால் அது நடந்தது.

2022 ஜூலையில் எரிபொருளுக்கான க்யூஆர் அட்டை வந்தபோது வாராந்தப் பங்கீடு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கியது. காருக்கான அந்த 20 லீற்றர், 660 சிசி வாகனத்துக்கும் 20 தான், 4500 சிசி வாகனத்துக்கும் 20 தான். லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும் சிறிய காரை வைத்திருந்தவர் ஒரு வாரத்தில் 360 கிலோமீற்றர் ஓடலாம். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் ஜீப்பை வைத்திருந்தவருக்கு 120 கிலோமீற்றரோடு தாங்கி வற்றிவிடும். எங்கள் தொடர்மாடியில் இரண்டு வாகனம் வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் ஜீப்பை உறைபோட்டு மூடிவிட்டு அல்டோவிலும் வேகன் ஆரிலும் போய்வந்தன. ஒருவரும் சட்டம் போட்டு அவர்களை இறக்கவில்லை. அதுவரை "பிள்ளைகளுக்குப் பெரிய வாகனம் இல்லாமல் முடியாது" என்று சொன்ன அதே பெற்றோர் பிள்ளைகளை வேகன் ஆரில் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள்.

பங்கீட்டு முறையை நிரந்தரமாக்கச் சொல்லவில்லை. அந்த வரிசைகளை மறுபடி பார்க்க எவருக்கும் ஆசையில்லை. தேவை என்று சொல்லப்படுவதில் எவ்வளவு உண்மையான தேவை என்பதை அந்தக் காலம் காட்டித் தந்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஜூன் 6

க்யூஆர் முறை 2022 இலேயே முடிந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பங்கீட்டு அளவு இடையிடையே கூட்டப்பட்டு, 2023 செப்டெம்பர் முதலாம் திகதிதான் அது நீக்கப்பட்டது.

ஜூன் 9

"நான் ஹைபிரிட் வாங்கியிருக்கிறேன், லீற்றருக்கு 20 ஓடுகிறது, என்னைப் போன்றவர்களை 25 ஓடும் வாகனத்துக்கு மாற்றினால் போதாதா?" என்று கேட்டிருப்பவருக்கு ஒரு கணக்கு.

நாம் எல்லோரும் "லீற்றருக்கு எத்தனை ஓடும்?" என்று கேட்டே பழகியவர்கள். அந்தக் கேள்வியில் ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. ஆயிரம் கிலோமீற்றர் ஓடுவதற்கு, லீற்றருக்கு 20 ஓடும் கார் 50 லீற்றர் எரிக்கும். 25 ஓடும் கார் 40 லீற்றர் எரிக்கும். மிச்சம் 10 லீற்றர். அதே தூரத்துக்கு லீற்றருக்கு 6 ஓடும் ஜீப் ஏறத்தாழ 167 லீற்றர் எரிக்கிறது. அது 8 ஓடும் ஜீப்பாக மாறினால் 125 லீற்றர். மிச்சம் 42 லீற்றர். 20 இலிருந்து 25 என்று கேட்கும்போது பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது, 6 இலிருந்து 8 என்றால் அற்பமாகத் தெரிகிறது. நாட்டின் டொலர்க் கணக்கில் விஷயம் தலைகீழானது.

இதனால்தான் ஏற்கெனவே சிக்கனமாக ஓடும் சிறிய கார்க்காரரை மேலும் நெருக்குவதில் பெரிய பயன் இல்லை என்கிறேன். சிக்கனத்தில் அடியிலிருக்கும் வாகனங்களில் கை வைத்தால்தான் கப்பலில் வரும் அளவு குறையும். கூடவே, ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டும் டீசலென்றால் 2.7 கிலோவும் காற்றில் சேர்கின்றன. டொலரைப் பற்றிக் கவலையில்லாதவருக்கும் அந்தக் காற்றில் பங்கு இருக்கிறது.

ஜூன் 11

இன்று மதியம் ஒரு வேலையாகப் பம்பலப்பிட்டிப் பக்கம் போயிருந்தேன். பாடசாலை விடும் நேரம் ஒன்றரை மணி. ஒரு மணிக்கு முன்பே ஜீப்புகள் வீதியோரம் வரிசை கட்டிவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் சாரதி ஒருவர் மட்டும், கண்ணாடி ஏற்றியபடி, இயந்திரம் ஓடியபடி. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர் ஒவ்வொரு வாகனத்தின் அடியிலும் காய்ந்த தாரில் தனித்தனியாக ஒரு கறுப்புத் திட்டை உண்டாக்கியிருந்தது. திட்டின் அகலத்தை வைத்தே அந்த வாகனம் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று சொல்லிவிடலாம். பிள்ளை வந்தது, பின்கதவின் படியில் கால் வைத்து ஏறியது, கதவு சாத்தப்பட்டது. ஏழு பேர் அமரக்கூடிய வாகனத்தில் சாரதியும் ஒரு பிள்ளையும். அந்த வரிசையைத் தாண்ட முடியாமல் காலி வீதி எனும் பிரதான வீதிக்குத் திரும்பும் பஸ்ஸொன்று நின்றது. அதில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணவில்லை.

சாரதிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வெயிலில் குளிரூட்டி இல்லாமல் எவரும் வாகனத்துக்குள் இருக்க முடியாது. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு, ஓடாத கிலோமீற்றருக்கு, எரிந்த டீசலுக்கு எந்தக் கஸ்டெக்கில் வரி எழுதப்பட்டிருக்கிறது?

ஜூன் 14

யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவருடைய வாதத்தைச் சுருக்கிச் சொன்னால்: கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அப்பா, அம்மா, பிள்ளைகள், மாமி, பொதிகள் எல்லாவற்றோடும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற குடும்பத்துக்கு ஒரு பெரிய வானோ ஜீப்போ இல்லாமல் எப்படி? இரண்டு சிறிய கார்களில் போனால் அதிக எரிபொருள் போகாதா?

இதை இரண்டு நாட்களாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எட்டுப் பேர் நிறைந்த வான், ஆளுக்கு எவ்வளவு எரிபொருள் என்று பார்த்தால் ஒருவர் மட்டும் ஓட்டிப்போகும் சிறிய காரைவிடச் சிக்கனமானது. பருமனை மட்டும் பார்த்துக் கட்டணம் விதித்தால் நிறைந்த வானும் வெறும் ஜீப்பும் ஒன்றாகிவிடும். பாடசாலை வான் ஓட்டிப் பிழைக்கிறவரும் தண்டிக்கப்படுவார்.

ஆனால் அண்ணை, வருடத்தில் எத்தனை தடவை நல்லூருக்குப் போகிறோம்? மிச்ச நாட்கள் முழுவதும் அதே வாகனம் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறது. திருவிழாவுக்கு வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அன்றாடத்துக்குச் சிறியதை வைத்திருப்பது எங்கள் அப்பாக்கள் காலத்தில் இயல்பாகவே இருந்தது. அப்போது மாருதி 800 இல் எத்தனை பேர் ஏறினோம் என்பதை அண்ணரும் மறந்திருக்க மாட்டார்.

ஜூன் 15

ஒரு திருத்தமாக இதைச் சேர்க்கிறேன். கட்டணத்துக்கு அடிப்படையாக நீளமோ அகலமோ அல்ல, இயந்திரக் கொள்ளளவும் வெற்று எடையும் இருக்க வேண்டும். பயணிகளை ஏற்றுவதற்கென்று அனுமதி பெற்ற வான்களுக்கு வேறு வீதம் இருக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒவ்வொரு வாகனத்தின் பதிவுச் சான்றிதழிலும் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன. புதிதாக ஒன்றையும் அளக்க வேண்டியதில்லை.

ஜூன் 19

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் ஒரேதடவையாக அறவிடும் பெரிய தீர்வை, பெரிய வாகனங்களைக் குறைப்பதற்குப் பதிலாக அவற்றைச் சாகாவரம் பெற்றவையாக ஆக்குகிறது.

புதிய வாகனத்தின் விலை தீர்வையால் ஏறும்போது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய வாகனத்தின் விலையும் கூடவே ஏறுகிறது. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் பழைய ஜீப்பை விற்றவர்கள் எத்தனையோ பேர். வேறு நாடுகளில் பத்து, பதினைந்து வருடங்களில் தேய்ந்து இரும்புக்குப் போகும் வாகனம் இங்கே காணியைப் போலச் சேமிப்பாகிவிடுகிறது. தொண்ணூறுகளில் வந்த டீசல் ஜீப்புகள் இயந்திரம் மாற்றப்பட்டு, வர்ணம் அடிக்கப்பட்டு இன்னும் ஓடுகின்றன. 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனை, புகையை அளக்கிறது. எவ்வளவு எரிபொருள் போகிறது என்பதை அளப்பதில்லை. பெரிய வாகனத்தை விட்டுவிட வேண்டும் என்று உரிமையாளருக்குத் தோன்ற வைக்கும் செலவு ஆண்டுதோறும் எதுவும் இல்லை. வாகனத்தை வீதியில் ஓட்ட ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டும் தொகை அவர் கட்டிய தீர்வைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியதே அல்ல.

இதைத் திருத்த ஒரு வழி சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2018 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் 2019 ஜனவரி முதல் காபன் வரி அறவிடப்பட்டது. கொள்ளளவு, எரிபொருள் வகை, வாகனத்தின் வயது ஆகிய மூன்றையும் பார்த்து, ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது கட்ட வேண்டும். பெரியதும் பழையதும் டீசலும் கூடக் கட்டும். மின்சார வாகனத்துக்கு இல்லை. சாதாரணக் காருக்குச் சிறிய தொகை மட்டுமே. அப்போது நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர முன்வைத்த யோசனை அது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும், வந்த வரிக் குறைப்புகளோடு அதுவும் அடித்துச் செல்லப்பட்டது. வீதம் குறைவாக இருந்ததால் அதனால் எவரும் ஜீப்பை விற்றிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதன் கட்டமைப்பு சரியாக இருந்தது. வீதத்தைப் பின்னர் கூட்டியிருக்கலாம். அந்தக் கட்டமைப்பையே தூக்கி எறிந்ததை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதற்கும் முந்திய உதாரணமும் உண்டு. 1995 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க நிதிச் சட்டம் சொகுசு, அரைச் சொகுசு வாகனங்களுக்கு ஆண்டு வரி விதித்தது. ஆகவே ஆண்டுக் கட்டணம் என்பது வெளிநாட்டிலிருந்து இறக்கிய புதுமை என்று எவரும் சொல்ல முடியாது. பின்னாளில் அந்த ஆண்டு வரியும் இறக்குமதியின்போது ஒரேதடவை அறவிடும் வரியாகச் சுருங்கியது.

ஜூன் 22

"சட்டம் போட்டால் விலக்கும் கூடவே வரும்" என்று பொரளை நண்பர் எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வி-பதில் இழையில் வந்த மிகச் சரியான வாசகம் இது.

அரச உத்தியோகத்தர்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் வாகனம் இறக்குமதி செய்ய வருடக்கணக்காக வழங்கப்பட்ட தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரங்களை நினைத்துப் பாருங்கள். பாராளுமன்ற உறுப்பினரின் அனுமதிப்பத்திரம் வேறொருவருக்கு விற்கப்படுவது பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. ஏழையின் மோட்டார் சைக்கிளுக்கு முழுத் தீர்வை, மிகப் பெரிய ஜீப்புக்கு விலக்கு என்ற நிலைமையை வைத்துக்கொண்டு எந்த அரசாங்கத்தாலும் மக்களிடம் சிக்கனம் பேச முடியாது. தற்போதைய அரசாங்கம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறது. ஜனாதிபதி செயலகத்துக்குரிய சொகுசு வாகனங்களும் சென்ற மாதம் ஏலத்தில் விற்கப்பட்டன. நல்லது. ஆனால் ஏலத்தில் விற்ற ஜீப் இரும்புக்குப் போகவில்லை. வேறொருவருடைய வாசலில் நின்று அதே அளவு டீசலைத்தான் குடிக்கிறது. அரச செலவு குறைந்தது, நாட்டின் செலவு குறையவில்லை. ஆண்டுக் கட்டணம் இருந்தால் மட்டுமே அந்த இரண்டாவது செலவைத் தொட முடியும்.

விலக்கினால் ஒரு கொள்கை எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு அமெரிக்கா பெரிய பாடம். அங்கே 1978 இல் எரிபொருளை அதிகம் குடிக்கும் கார்களுக்குத் தனி வரி கொண்டுவந்தார்கள். ஆனால் இலகுரக ட்ரக் வகை வாகனங்களை அதிலிருந்து விலக்கினார்கள். பின்னாளில் வந்த பெரிய ஜீப் வகை வாகனங்கள் எல்லாம் சட்டத்தின் பார்வையில் ட்ரக்குகளாகவே கணக்கிடப்பட்டன. எரிபொருள் சிக்கன விதிகளிலும் அவற்றுக்குத் தளர்வு. விளைவு, தயாரிப்பாளர்களுக்குக் காரைவிட ஜீப்பைப் பெருக்குவது இலாபமாயிற்று. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணக்குப்படி 2023 இல் உலகில் விற்ற கார்களில் 48 சதவீதம் இந்த வகையைச் சேர்ந்தவை. இங்கே பின்னால் சரக்குத் தட்டுள்ள டபுள் கெப்புக்கு "தொழில் வாகனம்" என்ற பெயரில் கதவு திறந்து வைத்தால் அடுத்த வருடம் வெள்ளவத்தையில் எல்லாத் தொடர்மாடிகளிலும் டபுள் கெப்தான் நிற்கும்.

ஜூலை 1

நேற்று நள்ளிரவோடு 92 ஒக்டேன் பெற்றோல் 12 ரூபா கூடி 305 ரூபா ஆகியிருக்கிறது. ஓட்டோ டீசல் 15 ரூபா கூடி 289. "பார்த்தீர்களா, விலையே வேலையைச் செய்துவிடும், வேறு கட்டணம் எதற்கு?" என்று காலையிலேயே ஒருவர் எழுதிவிட்டார்.

விலை வேலை செய்கிறது; ஆனால் தவறான ஆளின்மீது. லீற்றருக்கு 7 ஓடும் வாகனத்தில் மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு இந்த 15 ரூபா ஏற்றத்தால் வரும் மேலதிகச் செலவு ஏறத்தாழ 2,150 ரூபா. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் அதைக் கவனிக்கவே மாட்டார். அதே டீசலில் ஓடும் மரக்கறி லொறிக்கும், மீன் கொண்டுவரும் சிறிய லொறிக்கும், பஸ்ஸுக்கும் ஏறும் செலவு தம்புள்ளையிலிருந்து வரும் கத்தரிக்காயின் விலையில் போய் முடியும். 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470, டீசல் 460 என்று இருந்தபோது முதலில் வீட்டில் இருந்துவிட்டவர்கள் முச்சக்கர வண்டிக்காரர்களே தவிர ஜீப்காரர்கள் அல்லர். எரிபொருள் விலை உண்மையான செலவைக் காட்ட வேண்டும் என்பதை ஏற்கிறேன். பெரிய வாகனத்தை மட்டுப்படுத்தும் சுமையை அதன் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது.

ஜூலை 6

என் தங்கை இந்த இழையை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணா, நீங்கள் 100 இலக்க பஸ்ஸில் ஒரு பெண்ணாக ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?" அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் நடத்திய ஆய்வில், இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். அதற்கு மேல் நெரிசல், வெயில், நிறுத்தத்தில் நிற்காமல் உருண்டபடியே இறக்கிவிடுகிற பழக்கம். மாலபேயிலிருந்து கோட்டை வரைக்குமான இலகு ரயில் திட்டத்துக்கு ஜப்பான் கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது; 2020 செப்டெம்பரில் அது கைவிடப்பட்டது. களனிவெளி ரயில் பாதை இன்றும் ஒற்றைத் தண்டவாளம். இந்த நிலைமையில் வசதி வந்தவுடன் மக்கள் சொந்த வாகனத்துக்கு ஓடுவதைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தங்கைக்கும் ஒன்று சொன்னேன். அவள் தப்பிக்க வேண்டியது அந்த பஸ்ஸிலிருந்து. அதற்கு ஒரு சிறிய கார் போதும். பாதுகாப்புக்காகப் பெரிய வாகனம் வேண்டும் என்று சொல்கிறவர்கள், உள்ளே இருப்பவரின் பாதுகாப்பை மட்டும் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஆய்வில், பொனற் உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் மோதும்போது பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முன்பக்கம் கொண்டவற்றைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம் வீதிகளில் உயிரிழப்பவர்களில் பெரும் பகுதியினர் நடந்து போகிறவர்களும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும். ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு அவர்களுடைய உயிரால் வாங்கப்படுகிறது.

ஆகவே ஆண்டுக் கட்டணத்தில் வரும் பணம் திறைசேரியின் பொதுக் கணக்கில் கரையக் கூடாது. பஸ்ஸுக்கும் ரயிலுக்குமென்று தனியாக ஒதுக்கப்பட வேண்டும். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் நானே இந்தக் கட்டணத்தை ஆதரிக்கத் தயங்குவேன்.

ஜூலை 13

மின்சார ஜீப் வாங்கினால் இந்த விவாதமெல்லாம் முடிந்துவிடுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பாதி முடியும். பெற்றோல் டொலர் மிச்சமாகும். ஆனால் இரவில் செருகி மின்னேற்றும்போது நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலையத்தில் எரிகிற நிலக்கரியும் இறக்குமதிதான். எடை, பொனற் உயரம், ஒழுங்கையை அடைக்கும் அகலம் ஆகியவை மின்கலத்தால் மாறுவதில்லை. எடை கூடவே செய்யும். ஆகவே அதற்கும் எடைக் கட்டணம் இருக்க வேண்டும், கொள்ளளவுக் கட்டணம் இல்லாமல்.

பாரிஸ் நகரம் இப்படித்தான் பிரித்திருக்கிறது. 2024 பெப்ரவரியில் நகர மக்களிடம் வாக்கெடுத்து, அக்டோபர் முதல் வெளியூர்ப் பெரிய வாகனங்களுக்கு நகர மத்தியில் தரிப்புக் கட்டணம் மணிக்கு 18 யூரோ ஆக்கினார்கள். எரிபொருள் வாகனத்துக்கு எல்லை 1.6 தொன், மின்சார வாகனத்துக்கு 2 தொன். காலி வீதியில் நான் இதுவரை கட்டிய தரிப்புச் சீட்டுகளில் காருக்கும் ஜீப்புக்கும் ஒரே கட்டணம்தான். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் ஒரு பெரிய ஜீப் ஓரமாக நின்றால் குப்பை உழவு இயந்திரம் உள்ளே போக முடியாது; அந்த ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக் குப்பையும் அன்று தங்கிவிடும். மாநகர சபை, தேசியக் கொள்கை வரும்வரை காத்திருக்காமல் தரிப்புக் கட்டணத்திலிருந்தே தொடங்கலாம்.

ஜூலை 14

சிங்கப்பூரைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அங்கே 1990 முதல் வாகனம் வைத்திருக்கும் உரிமையே ஏலத்தில் விற்கப்படுகிறது, பத்து வருடத்தில் அது காலாவதியாகும். காலாவதியாகும் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. விலையை அல்ல, அந்த விலைக்கு நம் நடுத்தரக் குடும்பம் மோட்டார் சைக்கிள்கூட வாங்க முடியாமற் போகும்.

ஜூலை 27

கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்வி எனக்குக் கடினமாக இருந்தது: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், முப்பது வருடப் பழைய டீசல் ஜீப்பை வைத்திருக்கிறார், மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிறார். அவருக்கும் பெரிய கட்டணமா?

ஓடும் தூரத்தைப் பார்க்காத எந்தக் கட்டணத்திலும் இந்த அநியாயம் இருக்கும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். யோசித்த வரையில் எனக்குத் தெரிகிற வழி இது. ஒருவருடைய பெயரில் ஒரே வாகனம் மட்டும் இருந்து, அது ஓர் எல்லைக்கு மேல் பழையதாகவும் இருந்தால், முதல் மூன்று வருடங்களுக்கு அரைக் கட்டணம். அந்தக் காலத்துக்குள் அதைப் பதிவிலிருந்து நீக்கி இரும்புக்குக் கொடுத்துவிட்டுச் சிறிய வாகனம் ஒன்று எடுத்தால், சிறியதன் தீர்வையில் ஒரு பகுதி கழிவு. இறக்குமதி செய்பவரின் கஸ்டெக்கில் அந்தக் கழிவுக்காக இன்னொரு பதிவு சேரும். அதை நிரப்புவது எனக்கு ஐந்து நிமிட வேலை. இரண்டாவது, மூன்றாவது வாகனமாகப் பெரியதை வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அவருக்கு ஒவ்வொரு மேலதிக வாகனத்துக்கும் வீதம் ஏற வேண்டும்.

நிதியமைச்சு ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பும் பொதுமக்களிடம் யோசனை கேட்கிறது. மேலே எழுதியவற்றில் ஆண்டுக் கட்டணம், எடைக் கட்டணம், பொதுப் போக்குவரத்துக்கு ஒதுக்கீடு, பழைய வாகனக் கழிவு ஆகிய நான்கையும் ஒரு கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். டபுள் கெப்புக்கு விலக்கு கேட்டு இங்கே எழுதியவர்கள், அவர்கள் உண்மையாகவே வயலிலும் கட்டட வேலையிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், எப்படி அதை நிரூபிக்கலாம் என்று எழுதுங்கள். அந்தப் பந்தி மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.